தூசியா, நோயா

மேட்டூர் மூடிய மறுவாரம்
கோரையாற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.
கரையில் பதினேழு பூவரசு,
மாவு சலித்த இடத்தில் நின்றவைபோல் வெளுத்து.
ரைஸ் மில்லின் மேல் ராஹிலா பீவி கொடுத்த
ஐந்தாவது மனு
என் மேஜைக்கு வந்தது.
மேலதிகாரி ஓரத்தில் கிறுக்கியிருந்தார்:
தூசியா, நோயா?

"ஆட்டுக்கு ஒடிச்சிப் போட்டா தும்முது மேடம்.
ராத்திரியானா உமிச் சாம்பல் பறக்குது,
துணி காயப்போட முடியல, சோத்துல கருகருன்னு விழுது.
நான் பேசறதுல பாதி இருமல்தான், கேக்கறீங்கல்ல."

மேனேஜர் கலியமூர்த்தி டீ வரவழைத்தார்.
புகைபோக்கியின் உயரத்தை
அடிக்கணக்கில் சொன்னார், இரண்டு முறை.

ஓர் இலையை விரலால் துடைத்தேன்.
பச்சை வந்தது.
காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போய்
நான்காம் நாள் திரும்பினால்
துடைத்த இடத்திலேயே
சுண்டுவிரல் நகமளவு வெள்ளை வட்டம்.

தூசி விழும்.
வட்டமாக வளராது.

செல்லோ டேப்பை ஒட்டி உரித்து
ஸ்லைடில் பதித்துக்கொண்டு கிளம்பினேன்.
நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்.
நெல் ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்க
ஸ்கூட்டரில் உட்கார்ந்து
துப்பட்டாவை முகர்ந்து பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.

நுண்ணோக்கியில்
சரம் சரமாகக் கோத்த முட்டைகள்.
நுனி முட்டை கழன்று போகத் தயாராக இருந்தது.
வேர் என்று சொல்லவும் முடியாத ஒன்று
இலையின் மேல்தோலில் ஓர் அறைக்குள் மட்டும் இறங்கி
அங்கேயே குந்திக் குடிக்கிறது.
கொல்லாது.
கொன்றால் அதற்கும் சோறில்லை.

உளுந்தில் பார்த்திருக்கிறேன், வெண்டையில், பூசணியில்.
அந்த நீள அகலம் எதுவும் இதற்குச் சேரவில்லை.
பூவரசில் இப்படி ஒன்று என்று
எங்கள் பதிவேட்டில் ஒரு வரியும் கிடையாது.
முறைத்தண்ணீருக்கு மண்வெட்டி ஓங்குகிற ஊரில்,
இலையில் துளி நின்றாலே முளைக்கக் கூசி
பனிக்காற்றின் ஈரம் போதுமென்று
எங்கிருந்து வந்து இறங்கினாய் நீ?

கோயம்புத்தூருக்கு மாதிரி அனுப்பினேன்.
மரபணு முடிவு வர மாசி கழியுமாம்.
படிவத்தில், பெயர்: ஒரு கோடு.
முடிவு: நோய்.

அன்று சாயங்காலமே மில் வாசலில் சரவெடி.

நகலை ராஹிலா பீவிக்கு நானே படித்துக் காட்டினேன்.
"அப்ப இலைமேல இருக்கறது மில்லுது இல்ல."
"இல்லை."
"என் நெஞ்சுல இருக்கறது?"

ஆடு ஒன்று என் பையை இழுத்தது.
அதை விரட்டுவதுபோல் கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன்.

இரவு அதே ஸ்லைடை மறுபடி ஏற்றினேன்.
புதிதாக ஒன்றும் இல்லை, முதல் நாளே கண்ணில் பட்டதுதான்.
சரங்களுக்கு நடுவே
கறுப்பாக, கூர்கூராக,
உடைந்த கண்ணாடிபோல் உமிச் சாம்பல் சிம்புகள்.
ஒரு பார்வை வட்டத்துக்குள் இருபத்திரண்டு.
அறிக்கைக்குப் படம் போட்டபோது
இவற்றை விட்டுவிட்டு வரைந்திருந்தேன்.
மாதிரியில் சேர்ந்த அழுக்கை வரையக்கூடாதென்று
படித்த பழக்கம்.

கேள்வியில் ஒரு காற்புள்ளி இருந்தது.
ஒன்று நின்றால் மற்றது நகர வேண்டும் என்று
அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்குப் பெயர் தெரிய
மாசிவரை காத்திருக்க வேண்டாம்.
ஆறாவது மனுவோடு சேர்க்க
புதுத்தாள் எடுத்து, பென்சிலைச் சீவி,
ஒன்று,
இரண்டு.